உம்மும்மாவின் சொட்டு மருந்து

எங்கள் வீட்டு பிரிட்ஜின் கதவில், முட்டை வைக்கும் தட்டுக்கு மேலே, ஒரு சிறிய போத்தல் பல மாதங்களாகக் கிடந்தது. உம்மும்மாவுக்குக் கண்புரை சத்திரசிகிச்சை செய்த காலத்தில் கொடுக்கப்பட்ட சொட்டு மருந்து அது. அவரது கண் சுகமான பின்னரும் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. "நல்ல மருந்து மகள், வீசிடாதீங்க, யாருக்காவது கண் செவந்தா உதவும்" என்று உம்மும்மா சொன்னதால் யாரும் அதைத் தொடவில்லை.

சென்ற வருடம் அதற்குத் தேவை வந்தது. எடுத்துக் கொடுத்தது நான்தான்.

இந்தக் கட்டுரையை ராத்தாவின் சம்மதத்தோடு எழுதுகிறேன். "பேரைப் போடாம எழுது. ஆனா நடந்ததை மறைக்காம எழுது" என்று அவர் சொன்னார்.

மாமாவின் மகளுடைய கல்யாணத்துக்காக ராத்தா நிறமுள்ள கொன்டக்ட் லென்ஸ் வாங்கியிருந்தார். கண் பரிசோதனை எதுவும் செய்யவில்லை. கைத்தொலைபேசியில் படம் பார்த்து ஓர்டர் செய்தார், பார்சலில் வந்து சேர்ந்தது. வாப்பாவுக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் அவரது கண்ணைப் புகழ்ந்தார்கள். இரவு ஒரு மணிக்கு வீடு திரும்பியவர் களைப்பில் லென்ஸைக் கழற்றாமலே தூங்கிவிட்டார். காலையில் வலது கண் சிவந்து, நீர் வடிந்து, மண் விழுந்ததுபோல உறுத்தியது. என்னிடம் மட்டும் சொன்னார். "உம்மாட்ட சொல்லிடாத. வாப்பா ஏசுவார்."

நான் உயிரியல் படிக்கிறவள். கண்ணின் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்து, பகுதிகளைப் பெயரிட்டு, முழுப் புள்ளி வாங்கியவள். அந்தத் துணிவில் பிரிட்ஜைத் திறந்து போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் சிவப்புக் குறைந்தது. வலியும் கொஞ்சம் அடங்கியது. எங்கள் இரகசியம் காப்பாற்றப்பட்டது என்று இருவரும் சந்தோஷப்பட்டோம். மூன்றாம் நாள் காலையில் ராத்தாவால் யன்னல் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கருவிழியின் மேல் அரிசிக் குறுணல் அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. கண்ணில் பூ விழுந்தது என்று எமது பெரியவர்கள் சொல்வார்களே, அதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

வைத்தியசாலையில் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் லென்ஸ் போட்டீர்கள்?" என்பதாக இருக்கவில்லை. "கண்ணுக்கு என்ன விட்டீர்கள்?" என்றுதான் கேட்டார். நான் போத்தலைக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதன் பெயரை வாசித்துவிட்டு ஒரு கணம் பேசாமல் இருந்தார். அது ஒரு நுண்ணுயிர்க்கொல்லியும் ஸ்டீரொயிட்டும் கலந்த மருந்து.

அன்றிலிருந்து நான் வாசித்தவற்றையும் வைத்தியரிடம் கேட்டறிந்தவற்றையும் வைத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். லென்ஸ் அணிபவரின் கண் சிவந்து வலித்தால், வீட்டில் இருக்கும் எந்தச் சொட்டு மருந்தையும் தொடக்கூடாது. அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். எங்களை அப்படிப் போகவிடாமல் தடுப்பது பெரும்பாலும் வீட்டில் விழப்போகும் ஏச்சைப் பற்றிய பயம். இந்தப் பயத்தைப் பற்றித்தான் மாணவியரோடும் பெற்றோரோடும் பேச விரும்புகிறேன். அதற்கு முன், கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

கருவிழிக்கு முன்னால் கண்ணாடிபோல் மூடியிருப்பது விழிவெண்படலம். அதன் நடுப்பகுதியின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் மட்டுமே. ஒளி தடையின்றிச் செல்ல வேண்டும் என்பதால் அதில் குருதிக்கலன்கள் கிடையாது. தனக்கு வேண்டிய ஒட்சிசனை அது பெரும்பாலும் கண்ணீரினூடாக வளியிலிருந்தே பெற்றுக்கொள்கிறது. நாம் கண்ணை மூடித் தூங்கும்போது இயல்பாகவே இந்த ஒட்சிசன் குறைகிறது. லென்ஸும் மேலே இருந்தால் இன்னும் குறைகிறது. வெளிப்பக்க மேலணிக் கலங்கள் பலவீனமாகின்றன. கண் இமைப்பதும் இல்லை, கண்ணீர் கழுவிக்கொண்டு போவதும் இல்லை. லென்ஸில் ஒட்டியிருக்கும் பற்றீரியாக்களுக்கு ஓர் இரவு முழுவதும் கிடைத்துவிடுகிறது.

கண்ணீருக்கும் ஒரு பாதுகாப்புச் சக்தி உண்டு. அதில் லைசோசைம் என்ற நொதியம் இருக்கிறது. அதைக் கண்டறிந்து 1922 இல் உலகுக்கு அறிவித்தவர் அலெக்சாண்டர் பிளெமிங். பெனிசிலினை அவர் கண்டுபிடித்தது அதற்கு ஆறு வருடங்கள் கழித்து, 1928 இல். ஆனால் லென்ஸ் அணிவோரின் கண்ணை அதிகமாகத் தாக்கும் பற்றீரியாவான சூடோமோனாஸ் ஏருஜினோசாவிடம் லைசோசைமின் பலம் அவ்வளவாகச் செல்லாது. அது கிராம் எதிர் வகையைச் சேர்ந்தது. அதன் கலச்சுவருக்கு வெளியே இன்னொரு மென்சவ்வு கவசம்போல் இருக்கிறது. அது ஈரமான இடங்களில் வாழும். குழாய்த் தண்ணீரிலும், முகம் கழுவும் தொட்டியிலும், நாள்பட்ட லென்ஸ் பெட்டியிலும் வழவழப்பான படையாக ஒட்டிக்கொண்டு பெருகும். விழிவெண்படலத்தில் ஒரு சிறு கீறல் கிடைத்தால் போதும், உள்ளே நுழைந்து அங்குள்ள கொலாஜன் நார்களைக் கரைக்கும் நொதியங்களைச் சுரக்கும். ஓரிரு நாட்களுக்குள்ளேயே பெரிய புண்ணாகிவிடக் கூடும்.

இதை வாசித்துவிட்டு, லென்ஸ் அணிந்த எல்லோருக்கும் கண் போய்விடும் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. 1989 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, மென்மையான லென்ஸைப் பகலில் மட்டும் அணிந்தவர்களில் வருடத்துக்கு 10,000 பேரில் ஏறத்தாழ 4 பேருக்கே இந்தக் கண்புண் வந்தது. தூக்கத்திலும் அணிந்தவர்களில் அது ஏறத்தாழ 21 பேர். 2008 இல் அவுஸ்திரேலியாவில் வெளியான ஆய்விலும் பகலில் அணிபவர்களுக்கு 2 பேர் அளவிலும், தூக்கத்தில் அணிபவர்களுக்கு 20 பேர் அளவிலும் அல்லது அதற்குச் சற்று மேலாகவும் இருந்தது. இருபது வருட இடைவெளியில், இரண்டு நாடுகளில், லென்ஸின் தரம் எவ்வளவோ முன்னேறிய பின்னரும் தூக்கத்தின் ஆபத்து அப்படியே இருக்கிறது. ஆகவே லென்ஸ் அணிவதே பிழை என்று நான் சொல்ல வரவில்லை. எப்படி அணிகிறோம், கண் வலித்தால் என்ன செய்கிறோம் என்ற இரண்டும்தான் முக்கியம்.

இனி மருந்தின் பக்கம் வருவோம். "கண் செவந்திருக்கு, ஏதாவது ட்ரொப்ஸ் தாங்க" என்று பாமசியில் கேட்பது எமக்கெல்லாம் பழக்கமான ஒன்று. நுண்ணுயிர்க்கொல்லி என்றால் எல்லாக் கிருமிகளையும் கொல்லும் ஒரே மருந்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சாதாரண கண்நோய்க்குப் பலரும் வாங்கிவிடும் குளோரம்பெனிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். பல பற்றீரியாக்களுக்கு அது நல்ல மருந்து. ஆனால் சூடோமோனாஸ் ஏருஜினோசா இயல்பிலேயே அதற்கு எதிர்ப்புள்ளது. லென்ஸ் அணிந்த பிள்ளையின் கண்ணுக்கு அதை விட்டுவிட்டு இரண்டு நாள் பார்த்திருப்பது, கிருமிக்கு இரண்டு நாள் தவணை கொடுப்பதாகும்.

வைத்தியசாலையில் நடந்தது முற்றிலும் வேறு. முதலில் கண்ணை மரத்துப்போகச் செய்து, புண்ணின் ஓரத்திலிருந்து மிகச் சிறிதளவு சுரண்டி எடுத்தார்கள். அதை நுணுக்குக்காட்டியில் பார்க்கவும் வளர்ப்பூடகத்தில் வளர்க்கவும் அனுப்பினார்கள். லென்ஸையும் அதன் பெட்டியையும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார்கள். நல்லவேளையாக ராத்தா அவற்றை வீசியிருக்கவில்லை. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை அறிய அவையும் உதவும் என்றார்கள். அறிக்கை வரும்வரை காத்திருக்காமல் அன்றே சிப்ரோபுளொக்சசின் சொட்டைத் தொடங்கினார்கள். இது புளோரோகுவினலோன் வகையைச் சேர்ந்தது. பற்றீரியா தன் டீ.என்.ஏ.யைப் பிரதிசெய்யத் தேவையான நொதியங்களைத் தடுத்து அதைக் கொல்கிறது. ஒபுளொக்சசின், மொக்சிபுளொக்சசின் என்பவையும் இதே குடும்பம்தான். புண் பெரிதாக இருந்தால், செபசோலின், ஜென்டாமைசின் போன்றவற்றை வழமையைவிடக் கூடிய செறிவில் தயாரித்து மாறிமாறி விடுவதும் உண்டு என்று பின்னர் அறிந்தேன்.

என்னை ஆச்சரியப்படுத்தியது மருந்தின் பெயரைவிட அதன் நேர அட்டவணை. மணிக்கு ஒரு சொட்டு. பகலில் மட்டுமல்ல, இரவிலும். முதல் இரண்டு நாட்களும் அப்படியே. ஏன் இப்படி என்று தாதி ஒருவரிடம் கேட்டேன். நாம் விடும் சொட்டில் பெரும்பகுதி சில நிமிடங்களுக்குள் கண்ணீரோடு வழிந்து போய்விடுகிறது, விழிவெண்படலத்தில் குருதியும் ஓடுவதில்லை, ஆகவே மருந்தின் செறிவு குறையாமல் இருக்க வேண்டுமானால் திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். உம்மா இரவு பூராகவும் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். கைத்தொலைபேசியில் மணிக்கொரு அலாரம். ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவி, துடைத்து, கீழிமையை மெதுவாக இழுத்து, போத்தலின் நுனி கண்ணில் படாமல் ஒரு சொட்டு. அந்த இரண்டு இரவுகளிலும் உம்மா ஒரு தடவையாவது ராத்தாவை ஏசவில்லை. ஏச்சுக்குப் பயந்து நாங்கள் வீணாக்கிய மூன்று நாட்களை நினைத்து நான்தான் அழுதேன்.

அந்த மூன்று நாட்களில் எங்களை ஏமாற்றியது ஸ்டீரொயிட். அது கிருமியைக் கொல்வதில்லை. கிருமி வந்திருப்பதை எமக்கு அறிவிக்கும் அழற்சியை, அதாவது சிவப்பையும் வீக்கத்தையும் வலியையும் அடக்கிவிடுகிறது. வீட்டில் தீப்பிடித்திருக்கும்போது புகை மணியின் வயரைக் கழற்றிவிட்டதுபோல. மணி நின்றுவிட்டது என்று நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம், நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. போத்தலில் இருந்த நுண்ணுயிர்க்கொல்லியும் ராத்தாவின் கண்ணில் இருந்த கிருமிக்குப் போதவில்லை. போதாததற்கு அந்தப் போத்தல் திறந்து பல மாதங்கள். கண்சொட்டுப் போத்தல்களைத் திறந்து நான்கு வாரங்களுக்குப் பின் பாவிக்கக்கூடாது என்பது பொதுவான விதி. பெட்டியில் அச்சிட்டிருக்கும் காலாவதித் திகதி, திறக்காத போத்தலுக்குரியது.

ஸ்டீரொயிட் கெட்ட மருந்து என்றும் நான் சொல்லமாட்டேன். உம்மும்மாவின் கண்ணுக்கு அது சரியான மருந்தாகத்தான் இருந்தது. பற்றீரியாக் கண்புண்ணிலும் தழும்பைக் குறைக்க அது உதவுமா என்று பார்க்க, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உட்பட இந்தியாவிலும் அமெரிக்காவிலும் 500 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்து, அதன் முடிவு 2012 இல் வெளியானது. ஆய்வுகூடத்தில் பற்றீரியாதான் என்று உறுதிப்படுத்தி, குறைந்தது 48 மணித்தியாலம் நுண்ணுயிர்க்கொல்லி விட்ட பின்னரே அவர்கள் ஸ்டீரொயிட்டைத் தொடங்கினார்கள். அப்படி இருந்தும் மூன்று மாத முடிவில், மொத்தமாகப் பார்க்கும்போது, ஸ்டீரொயிட் விட்டவர்களுக்கும் விடாதவர்களுக்கும் பார்வையில் வித்தியாசம் இருக்கவில்லை. இவ்வளவு நிதானத்தோடு நிபுணர்கள் கையாளும் மருந்தை, எந்தக் கிருமி என்று தெரியாமலே, முதல் நாளிலேயே, பிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் நான்.

கிருமி பற்றீரியாவாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பூஞ்சையாகவும் இருக்கலாம். தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற ஒற்றைக்கல உயிரியாகவும் இருக்கலாம். இவற்றுக்கு நுண்ணுயிர்க்கொல்லி எவ்வளவு விட்டாலும் பலன் இல்லை, மருந்தே வேறு. கண்ணாடியில் பார்த்து இதையெல்லாம் வேறுபிரித்தறிய எம்மால் முடியாது.

மீதி மருந்தை வைத்துப் பாவிப்பதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. அரைகுறையாகக் கொடுக்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லி, கிருமிகளைக் கொல்லாமல் அவற்றுக்கு எதிர்ப்புத்தன்மையைப் பழக்கிவிடும் என்று பிளெமிங்கே 1945 டிசெம்பரில் தனது நோபல் உரையில் எச்சரித்திருக்கிறார். பெனிசிலின் உலகுக்குப் புதிதாக வந்த காலத்திலேயே, அதைக் கண்டுபிடித்தவரே சொன்ன எச்சரிக்கை அது. அது எவ்வளவு உண்மை என்பது 2023 இல் தெரிந்தது. அமெரிக்காவில் கண் வறட்சிக்கு விடும் ஒரு செயற்கைக் கண்ணீர்ச் சொட்டில் பல மருந்துகளுக்கும் அடங்காத சூடோமோனாஸ் கலந்திருந்து, 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். 14 பேர் பார்வை இழந்தார்கள். நால்வர் இறந்தார்கள். இன்று எமது வைத்தியசாலைகளில் வேலை செய்யும் மருந்து நாளையும் வேலை செய்ய வேண்டுமானால், அதைத் தேவையற்ற கண்ணுக்கு விடுவதையும் பாதியில் நிறுத்துவதையும் நாம் கைவிட வேண்டும்.

பாதியில் நிறுத்துவது என்றதும் எமது சமூகத்துக்கே உரிய ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். நோன்பு காலத்தில் கண்ணுக்குச் சொட்டு விட்டால் நோன்பு முறிந்துவிடும் என்று பயந்து, பகலில் மருந்தை நிறுத்துகிறவர்கள் எமது வீடுகளில் இருக்கிறார்கள். மணிக்கொரு சொட்டு விட வேண்டிய கண்ணுக்குப் பகல் முழுவதும் மருந்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 1997 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, நோன்பை முறிக்காதவற்றின் பட்டியலில் கண்சொட்டையும் சேர்த்திருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் தங்கள் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவுபெறலாம். கேட்காமலே மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து. வுழூவைப் பற்றியும் சில தோழிகள் கேட்டார்கள். கண்ணுக்குள் தண்ணீர் செலுத்துவது வுழூவின் பகுதி அல்ல. முகம் கழுவும்போது கண்ணை மூடிக்கொள்ளலாம். வுழூ செய்த ஈரக் கையோடு லென்ஸைத் தொடுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

இப்போது பயத்தைப் பற்றிப் பேசலாம்.

எங்களில் பலர் ஏன் லென்ஸை விரும்புகிறோம்? எல்லாம் நாகரிக மோகம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பெண் பார்க்க வரும்போது "கண்ணாடியக் கழட்டிட்டு வா" என்று சொல்வது யார்? "பிள்ளை வடிவு, ஆனா கண்ணாடி போட்டிருக்கே" என்று பேசுவது யார்? கண்ணாடியை ஒரு குறையாகப் பார்க்கப் பழக்கிவிட்டு, பிள்ளை அதை மறைக்க வழி தேடும்போது அவளை ஏசுவது நியாயமாக எனக்குப் படவில்லை. ராத்தாவும் சிறு வயதிலிருந்தே கண்ணாடி போடுபவர்தான்.

"இதற்கு ஒரே வழி, லென்ஸை அடியோடு தடுத்துவிடுவதுதான்" என்று வாப்பாவின் நண்பர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது சொன்னார். நான் மரியாதையோடு மறுக்கிறேன். எங்கள் வீட்டில் லென்ஸ் தடுக்கப்பட்டுத்தான் இருந்தது. தடை லென்ஸை நிறுத்தவில்லை, அதைப் பற்றிய பேச்சைத்தான் நிறுத்தியது. வாப்பாவோடு போய்க் கண் பரிசோதித்து, எப்படிக் கழுவுவது, எப்போது கழற்றுவது என்று கற்றுக்கொண்டு வாங்கியிருக்க வேண்டிய ஒரு பொருள், அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் ஒளிந்திருந்தது. கண் வலித்தபோது அந்த வலியும் அதனோடு சேர்ந்து ஒளிந்துகொண்டது.

இன்னொரு நியாயத்தை நான் மதிக்கிறேன். "எல்லோருக்கும் பக்கத்தில் கண் வைத்தியர் இருக்கிறாரா? வைத்தியசாலைக்குப் போனால் ஒருநாள் கூலி போகிறது, பாமசி என்றால் ஐந்து நிமிடம்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான். கண் வைத்திய நிபுணர் இல்லாத ஊர்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பக்கத்தில் இருக்கும் சிறிய வைத்தியசாலைக்குப் போய், "நான் லென்ஸ் அணிபவள், கண் வலிக்கிறது, வெளிச்சம் பார்க்க முடியவில்லை" என்ற மூன்றையும் சொன்னால், கண் பிரிவு உள்ள இடத்துக்கு அவர்கள் அனுப்பிவைப்பார்கள். அன்றே போனால் ஒருநாள் கூலிதான் போகும். நாங்கள் மூன்று நாள் கழித்துப் போனதால் வாப்பா இரண்டு கிழமை கடையைச் சரியாகத் திறக்கவில்லை. ராத்தா தனது பாடநெறியில் ஒரு பரீட்சையைத் தவறவிட்டார்.

புண் ஆறியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தழும்பு ஆறவில்லை. நடுவிலிருந்து சற்று விலகி இருப்பதால் ராத்தாவால் வாசிக்க முடிகிறது. இரவில் எதிரே வரும் வாகனங்களின் விளக்கு மட்டும் அவருக்குச் சிதறிச் சிதறித் தெரிகிறது. தழும்பு நடுவில் விழுந்திருந்தால், இறந்த ஒருவரின் விழிவெண்படலத்தைப் பொருத்துவதுதான் வழியாக இருந்திருக்கும். எமது நாடு இந்த விடயத்தில் பெருமைக்குரியது. டொக்டர் ஹட்சன் சில்வா 1961 இல் ஆரம்பித்த இலங்கைக் கண்தான சங்கம், 1964 இல் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பத் தொடங்கி இன்றுவரை பல நாடுகளுக்கு அனுப்பிவருகிறது. முகம் தெரியாத ஒருவர் தன் மரணத்துக்குப் பின் கொடுக்கும் அந்தக் கொடை, வேறு வழியில்லாதவருக்குப் போய்ச் சேர வேண்டும். ஓர் இரவின் கவனக்குறைவும் மூன்று நாள் மௌனமும் அதைக் கேட்டு நிற்கக்கூடாது.

சகோதரிகளே, லென்ஸ் அணிவதானால் கண் பரிசோதித்து, முறையாகப் பெற்று அணியுங்கள். நிறத்துக்காக மட்டும் அணியும் லென்ஸுக்கும் இது பொருந்தும். ஒருவரின் லென்ஸை இன்னொருவர் போட்டுப் பார்க்க வேண்டாம். குழாய்த் தண்ணீரும் உமிழ்நீரும் லென்ஸில் படக்கூடாது. பெட்டியில் கிடந்த பழைய திரவத்துக்கு மேல் புதியதை ஊற்றாமல், ஒவ்வொரு முறையும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் தூங்கு முன் கழற்றுங்கள். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் உடனே கழற்றுங்கள். அதைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு அன்றே வைத்தியரிடம் போங்கள். கண்ணைத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டாம், அந்த வெப்பமும் ஈரமும் கிருமிக்குத்தான் உதவும். பன்னீரும் தாய்ப்பாலும் வேண்டாம். முக்கியமாக, ஒரு தோழியோ தங்கையோ இப்படியொரு இரகசியத்தை உங்களிடம் சொன்னால் அதைக் காப்பாற்றாதீர்கள். நான் காப்பாற்றினேன்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை சிவந்த கண்ணோடு வந்து நின்றால், முதலில் "வலிக்குதா? என்ன விட்டாய்?" என்று மட்டும் கேளுங்கள். ஏச வேண்டியிருந்தால் கண் சுகமான பின் ஏசலாம், அதற்கு எவ்வளவோ நாள் இருக்கிறது. பிரிட்ஜில் கிடக்கும் பழைய சொட்டு மருந்துகளை இன்றே எடுத்துப் பாருங்கள். பாமசி நடத்துபவர்கள் இதை வாசித்தால், கண் சிவந்து வருபவரிடம் "லென்ஸ் போடுறீங்களா?" என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். ஆம் என்றால் மருந்து கொடுக்காமல் வைத்தியரிடம் அனுப்புங்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துச் சீட்டோடு மட்டுமே கொடுக்கப்பட வேண்டியது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எமது கல்லூரியில் வருடத்தில் ஒரு நாளாவது, காலைக் கூட்டத்தில் பத்து நிமிடம் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கண் அல்லாஹ் எமக்குத் தந்த அமானிதம். அதைப் பேணுவது எப்படி என்று கற்பதும் கல்விதான்.

ராத்தா இப்போது கண்ணாடி போடுகிறார். போன மாதம் அவரைப் பெண் பார்க்க வந்தார்கள். "கழட்டிட்டு வரவா?" என்று அவர் கேட்கவில்லை. உம்மாவும் சொல்லவில்லை.

உம்மும்மாவின் போத்தல் இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது. வீட்டில் யாருக்காவது கண்சொட்டு கொடுத்தால், திறந்த திகதியை உம்மா பேனையால் அதன்மேல் எழுதிவைக்கிறார். நான்கு வாரம் முடிந்ததும் அதை எடுத்து வீசுவது எனது பொறுப்பு.

— உயர்தர உயிரியல் பிரிவு மாணவி